வளர்துளி

இன்பனின் இடது தொடையில், தோலுக்கடியில், சுரப்பிக்காவலன் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. எல்லாம் நலம் என்று அர்த்தம். நாலு மாதக் குழந்தையோ தலை நிற்காமல், நாக்கு வெளியே தள்ளி, தாயின் மடியில் துவண்டு கிடந்தான்.

டாக்டர் ரெஜினா விளக்கை நம்பவில்லை. பழைய முறைப்படி குதிகாலில் குத்தி, இரத்தத்தைத் தாளில் ஒற்றிச் சோதித்திருந்தார்.

"வாணி, இவனுக்குப் பொறந்ததுல இருந்தே தைராய்டு சரியா சுரக்கலை. காவலனுக்குள்ள மருந்து நெறையா இருக்கு. ஒரு பொட்டுக்கூட விடலை."

காவலன் அரிசியளவுக் கருவி. பிறந்த அன்றே எல்லாக் குழந்தைக்கும் பதித்துவிடுவார்கள். தைராய்டு குறைந்தால் எலும்பை நீளவைக்கும் வளர்காரணியும் இரத்தத்தில் குறையும். காவலன் அதை மட்டுமே அளக்கும். குறைந்தால் மருந்தைத் திறந்துவிடும். மலிவான, கெட்டிக்கார ஏற்பாடுதான். அதையும் நம் ஆட்கள் ஏமாற்றினார்கள். திருப்பூர்ப் பால்நிலையங்களில் வாராவாரம் குழந்தைகளின் உயரப் பட்டியல் ஒளிரும். அதில் தம் பிள்ளை மேலே வர, வளர்காரணியை ஏற்றும் வளர்துளியைப் புகட்டுவார்கள்; காவலனும் குறையே இல்லை என்று நம்பிவிடும். தடைசெய்த சரக்கு. எல்லார் வீட்டிலும் இருக்கும், ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

"துளி குடுத்தீங்களா?"

வாணி தலையைக் குனிந்துகொண்டு அழுதாள். "மாத்திரை ஏதாச்சும் குடுங்க டாக்டர்!"

"காவலன் வந்தப்புறம் மாத்திரை செய்யறதையே விட்டுட்டாங்க. வெளிநாட்டுல இருந்து வரவழைக்க ஒரு மாசம் ஆகும். இவன் மூளை அதுவரைக்கும் காத்திருக்காது."

"அந்தக் கருவியப் பிச்சு எடுத்துருங்க!"

"பிரிச்சா மருந்து கெட்டுரும். ஒரே வழிதான். துளிய நிறுத்துங்க. பாலையும் பாதியாக் கொறைங்க. பட்டினியில வளர்காரணி எறங்கும், காவலன் தானாத் தெறந்துக்கும். அஞ்சு நாள்ல வெளக்கு செவப்பாகணும்."

டாக்டர் பாலைக் குறைக்கச் சொன்னதை மட்டும் வாணி கணவன் நாச்சிமுத்துவிடம் சொன்னாள். துளியைப் பற்றிச் சொல்ல நாக்கு எழவில்லை.

மூன்றாம் நாள் பால் கட்டிக்கொண்டு மார்பு வலித்தது. அதைப் பிழிந்து கழுவுதொட்டியில் விட்டாள். பெற்றவள் செய்கிற காரியமா இது? ஐந்தாம் நாள் குழந்தைக்கு விலா எலும்பு தெரிந்தது. தொடையில் கைவைத்து, "செவப்பாயிரு சாமி, செவப்பாயிரு" என்று கெஞ்சினாள். பச்சை அசையவில்லை.

ஆறாம் நாள் டாக்டர் அளந்து பார்த்து அதிர்ந்துபோனார். "வளர்காரணி ஏறியிருக்கு. வாணி, இன்னும் குடுக்கறீங்களா?"

"எம் புள்ள மேல சத்தியமா இல்லீங்க!"

கதவோரம் நின்ற நாச்சிமுத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"பாலு குடுக்கக் கூடாதுன்னுட்டீங்க. பையன் எளைச்சுட்டே போனான். மனசு கேக்கலீங்க. இவ குளிக்கப் போற நேரத்துல வளர்துளி ரெண்டு சொட்டு குடுக்கறத நாலாக்கிட்டேன்."

"அப்ப முன்னாடியே குடுத்துட்டிருந்தீங்களா? எப்ப இருந்து?"

"பொறந்த பத்தாம் நாள்ல இருந்துங்க. வாணிக்குத் தெரியாது."

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். "மறுபடியும் மொத நாள்ல இருந்து பட்டினி போடணும்."

வாணி புருஷனைத் திட்ட வாயெடுத்தாள். அவள் அவனுக்குத் தெரியாமல் துளி கொடுக்கத் தொடங்கியது ஒன்பதாம் நாள்.