அசைந்த கல்

படத்தில் பத்து நயா பைசா நாணயம் துல்லியமாக விழுந்திருந்தது. அதன் நெளிந்த விளிம்புகூடத் தெரிந்தது. பக்கத்திலிருந்த கல் மட்டும் கலங்கிப்போயிருந்தது.

அப்துல் குத்தூஸ் மூன்றாவது முறையாகப் பூதக்கண்ணாடியை எடுத்தார். விருதுநகரில் மிளகாய் வத்தல் மண்டி நடத்தும் மனிதருக்கு, கல்லாகிப்போன பவளங்களைச் சேர்ப்பதில் ஒரு கிறுக்கு. ஆமத்தூர்ச் சுண்ணாம்புக் காளவாசலுக்கு வரும் சுண்ணாம்புக்கல் லோடுகளைக் கிளறி, கிடைத்ததைக் கழுவி, நனைத்து, அதன் முகத்திலுள்ள நட்சத்திரக் குழிகளில் எத்தனை தடுப்புகள் என்று எண்ணி இனம் பிரிப்பார். அளவு தெரிய ஒரு நாணயம் வைத்துப் படம் பிடிப்பார். இந்தக் கல்லைக் காளவாசல் பலவேசம் தானாகவே கொண்டுவந்து கொடுத்தான்.

"மூணு சூளை போட்டுப் பாத்தாச்சு மொதலாளி. வேகவே மாட்டேங்குது. நீங்களே வச்சுக்கோங்க."

லென்ஸை மூன்று நிமிஷம் திறந்து வைத்து எடுக்கிற படம். அசையாதது தெளிவாக விழும், அசைந்தது கலங்கும். மேசை ஆடியிருந்தால் நாணயமும் கலங்கியிருக்க வேண்டும். கல்லை நனைக்க ஊற்றிய தண்ணீர் வேறு, தட்டில் ஒரு சொட்டு மிச்சமில்லை. அடி சரியில்லாமல் உருள்கிறது, அவ்வளவுதான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு மனைவியைக் கூப்பிட்டார்.

"பைரோஜா, இதக் கொஞ்சம் மடியில வச்சுப் பிடி."

"கல்லைப் பிடிக்கவா கூப்பிட்டீக? அது என்ன, ஓடியா போயிரும்?"

சிரித்தாள். ஐந்து வருஷத்தில் அவளை எத்தனையோ படம் எடுத்தாயிற்று. ஒன்றிலும் முகம் தெளிவாக விழுந்ததில்லை. சிரித்துவிடுவாள், இல்லாவிட்டால் தலையைத் திருப்பிவிடுவாள். அந்தக் கலங்கிய முகங்களைத்தான் மண்டியில் ஆள் இல்லாதபோது எடுத்து எடுத்துப் பார்ப்பார். அவ்வளவு பிரியம்.

நாணயத்தை அவள் முழங்காலில் வைத்தார்.

"கை குளிருதுங்க. எறக்கி வச்சுரட்டா?"

"பேசாத, ஆடாத. மூணே நிமிஷம்."

நடுப்பகல். சாத்திய ஜன்னல் வழியே ஒரு கீற்று வெயில் அவள் மேல் விழ, முன்கட்டு மண்டியிலிருந்து வத்தல் நெடி வந்து தொண்டையைக் கமற, கடிகாரச் சத்தம் அறை முழுக்க நிறைந்திருக்க, லென்ஸ் மூடியைக் கழற்றிவிட்டு அவர் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"போதும், எந்திரி," என்று மூடியைப் போட்டவர், அவளைத் திரும்பிப் பார்க்காமல் கேமராவிலிருந்து படத் தகட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து இருட்டறைக்குள் ஓடினார்.

சிவப்பு விளக்கு. மருந்து நெடி. தட்டில் நெகட்டிவ் மெல்ல எழும்பியது. கறுத்த முகம், வெளுத்த தலைமுடி. நாணயம் தெளிவு. சேலைக் கரை தெளிவு. முகமும் தெளிவு, முதல் தடவையாக. சந்தோஷத்தில் அவருக்குக் கண் நிறைந்தது.

பிறகுதான் உறைத்தது.

மூன்று நிமிஷம். இமை அசையவில்லை. மார்பு எழும்பவில்லை. மூச்சு விடுகிற யாரும் இப்படி விழ முடியாது.

கல் மட்டும் கலங்கியிருந்தது.

"பைரோஜா?"

கதவைத் திறந்தார்.

அதே நாற்காலி. அதே வெயில். சேலை மடிப்பு மாறாமல் உட்கார்ந்திருந்தாள். திறந்த கண்களில், கருமணியைச் சுற்றி, பவளக் குழியில் இருப்பதுபோல மெல்லிய தடுப்புகள். மடியில் அந்தக் கல், நனைந்து, மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.