ஏழாம் அறையில் எடுத்த ரேகை

காலை பத்தரை மணி. ரேகை மெஷின் சிவப்பு காட்டியது.

"இன்னொரு தடவை வைங்க," என்றார் ஆபரேட்டர்.

வரிசையில் நின்ற தையல்காரி இடது கட்டைவிரலைக் கைக்குட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். மெஷின் யோசித்தது. ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணலாம், அவ்வளவு நேரம். எல்லோருக்கும் அப்படித்தான். பிறகு மீண்டும் சிவப்பு.

அரசு வேலைக்குத் தேர்வானவர்களின் சான்றிதழ் சரிபார்ப்பு நடக்கும் கூடம் அது. எழுத்துத் தேர்வன்று எடுத்த ரேகையும் இன்று வைக்கும் ரேகையும் ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் ஒரே அர்த்தம்தான்: தேர்வை வேறு யாரோ எழுதியிருக்கிறார்கள்.

காலையிலிருந்து ஆபரேட்டர் ஒவ்வொருவருக்கும் ஒரே பாடத்தை நடத்திக்கொண்டிருந்தார். தன் இடது கட்டைவிரலைக் கண்ணாடிமேல் வைத்துக் காட்டுவார். "இப்படி. சாய்க்காம, நடுவுல." அதன் பிறகு அவர்களுடைய விண்ணப்ப எண்ணை அடிப்பார்.

பிரிவுக் கண்காணிப்பாளர் எழுந்து வந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி. எதையும் துருவித் துருவிக் கேட்பதால் அலுவலகம் முழுக்க அவருக்குத் 'துருவி' என்றே பெயர். அது அவருக்கும் தெரியும். கோபம் கிடையாது.

"ரெண்டு ரேகையையும் பெருசாக்கிக் காட்டுங்க."

திரையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் விரிந்தன. இன்றைய ரேகை சுத்தமாக இருந்தது. தேர்வன்று எடுத்த ரேகையின் குறுக்கே சாய்வாக ஒரு வெள்ளைக் கோடு. பழைய வெட்டுக்காயம்.

தையல்காரியின் விரலில் அப்படி ஒரு கோடும் இல்லை.

இணை இயக்குநர் அறையில் விசாரணை நடந்தது. அவர் போனைக் கையிலேயே வைத்திருந்தார்.

"இதுல விசாரிக்க என்ன இருக்கு? ஆள் மாறாட்டம். போலீஸுக்குச் சொல்லிடலாம்."

"மூணு மணிக்குத்தானே சார் தேர்வானவங்க பட்டியல் போகுது. அதுவரைக்கும் குடுங்க," என்றார் துருவி. "எந்த அறையிலம்மா எழுதினே?"

"ஏழாம் அறை. முதல் பெஞ்சு, முதல் சீட்டு."

"ரேகை எடுத்தது யாரு?"

"வெளிய இருக்காரே, அந்த சார்தான். வெச்ச உடனே 'ஆயிடுச்சு, ஆயிடுச்சு, கையை எடுங்க'ன்னார். எடுத்துட்டேன்."

"கூட யாரு வந்திருக்கா?"

"எங்கக்கா. பத்திரப் பதிவு ஆபீஸ்ல கிளார்க். நாலு வருஷம் முன்னாடி இதே பரீட்சையில பாஸ் பண்ணினவ."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. இணை இயக்குநர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

அக்காவை அழைத்து வந்தார்கள். அதே மூக்கு, அதே நெற்றி. தேர்வறையில் எடுத்த புகைப்படத்தை இருவருக்கும் நடுவே வைத்தால் யாருடையது என்று தாயே தடுமாறுவாள்.

"இடது கையைக் காட்டும்மா," என்றார் துருவி.

அக்கா காட்டினாள். கட்டைவிரலின் குறுக்கே வெள்ளையாக ஒரு தழும்பு.

"இது எப்படி?"

"காய் நறுக்கும்போது கத்தி பட்டது. எந்த வீட்டுல வேணும்னாலும் போய்ப் பாருங்க மேடம், சமைக்கிறவ விரல்ல ஒரு கோடாவது இருக்கும். சமைக்காதவ இவதான். அதான் வழவழன்னு வெச்சிருக்கா."

"அக்கா, இப்பவாவது சும்மா இரு."

"எதுக்குடி சும்மா இருக்கணும்? உன் கூடச் சேர்ந்து எனக்கும் வேலை போகப் போகுது. உனக்கு அடுத்த மாசம் வயசு தாண்டிடும், இனிமே எழுதவும் முடியாது. நாலு வருஷமா ராத்திரி பகலா நீ படிச்சதைப் பார்த்தவ நான். பேசாம இருக்கச் சொல்றே!"

துருவி இருவரிடமும் தாளைக் கொடுத்து ஒரு பத்தி எழுதச் சொன்னார். விடைத்தாளில் இருந்தது சந்தேகமில்லாமல் தங்கையின் கையெழுத்து. வாலைச் சுருட்டிக்கொண்டு படுத்த பூனை மாதிரி ஒவ்வொரு 'ழ'வும்.

"எழுத்தைப் பழகிக்கலாம் மேடம்," என்றார் இணை இயக்குநர். "ரேகையைப் பழக முடியாது. அந்த அக்காவை விரல் வைக்கச் சொல்லுங்க. ஒரு நிமிஷத்துல முடிஞ்சிடும்."

முடியவில்லை. அக்கா விரலை வைத்தாள். மெஷின் யோசித்தது. சிவப்பு.

இணை இயக்குநர் போனை மேசையில் வைத்தார். கையெழுத்து தங்கையுடையது. ரேகை தங்கையுடையதும் இல்லை, அக்காவுடையதும் இல்லை. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

துருவிக்கு இப்படிப் புரியாமல் போவது பிடிக்கும். நல்ல பசியோடு சாப்பாட்டுக்குக் காத்திருப்பது போல இருக்கும். ஒரு டம்ளர் தண்ணீரோடு கூடத்தின் ஓரத்தில் போய் நின்றார்.

வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. தடித்த கண்ணாடி போட்ட ஒருவர் விரலை ஓரமாக வைத்தார். "நடுவுல வைங்க," என்றார் ஆபரேட்டர். அவர் மேலே வைத்தார். "நடுவுல சார்." கீழே வைத்தார். "சாய்க்காம, நடுவுல!" ஆபரேட்டரின் குரல்தான் உயர்ந்தது. அவருடைய இடது கை கால்சட்டைப் பையிலேயே இருந்தது. பின்னால் நின்றவர் பொறுக்க மாட்டாமல் தன் விரலை நீட்டி எப்படி என்று காட்டிக்கொடுத்தார்.

துருவி தண்ணீரைக் குடிக்காமலேயே வைத்துவிட்டு உள்ளே போனார்.

"ஏம்மா, பரீட்சை அன்னைக்கு நீ விரல் வெச்ச உடனேயே ஆயிடுச்சுன்னு சொன்னியே. உடனேன்னா எவ்வளவு உடனே?"

தையல்காரி யோசித்தாள். "நல்லா அழுத்தக்கூட இல்ல மேடம். அதுக்குள்ள பீப் அடிச்சிடுச்சு."

"உனக்கு முன்னாடி அந்தக் கண்ணாடியில விரல் வெச்சது யாரு?"

"யாரும் இல்லையே. நான்தானே முதல் ஆள்." நிறுத்தினாள். "அந்த சார் எப்படி வைக்கணும்னு வெச்சுக் காட்டினார். அவ்வளவுதான்."

இரண்டு மணிக்கு ஆபரேட்டரை உள்ளே கூப்பிட்டார்கள்.

"உக்காருங்க," என்றார் துருவி. "ஒரு சின்ன சந்தேகம். காலையில எல்லாருக்கும் விரலை வெச்சுக் காட்டிட்டு இருந்தீங்க. இந்தப் பொண்ணுக்குச் சிவப்பு விழுந்ததுக்கப்புறம் ஒருத்தருக்கும் காட்டலை. ஏன்?"

"கை வலிம்மா."

"எந்தக் கை?"

அவர் பையில் இருந்த கையை இன்னும் உள்ளே தள்ளினார்.

"மெஷின் ஒரு ரேகையை எடுக்க மூணு எண்ணுற நேரம் ஆகுது. இவளுக்கு மட்டும் அன்னைக்கு வெச்ச உடனே எடுத்திருக்கு. எப்படி? எடுக்கிற வேலை அவ வைக்கிறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடுச்சு. இன்னைக்கு நீங்க முதல்ல வெச்சுக் காட்டிட்டு அப்புறம் எண்ணை அடிக்கிறீங்க. அன்னைக்குக் கூட்டம், அவசரம். எண்ணை அடிச்சிட்டு வெச்சுக் காட்டியிருக்கீங்க. மெஷினுக்கு யார் விரல்னு தெரியுமா? வந்ததை எடுத்துக்கிச்சு. அந்த இடது கையைக் கொஞ்சம் காட்டுங்க."

கை கால்சட்டைப் பையிலிருந்து மெதுவாக வெளியே வந்தது. கட்டைவிரலின் குறுக்கே சாய்வாக வெள்ளைக் கோடு. மெஷினில் வைத்தபோது பச்சை எரிந்தது.

"வேணும்னு செய்யலைம்மா," என்றார். "ஸ்கிரீன்ல அந்தக் கோட்டைப் பார்த்தப்பதான் எனக்கே தெரிஞ்சது. ஒப்பந்த ஊழியன். வாயைத் திறந்தா இன்னையோட வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

"அதுக்கு நான் ஜெயிலுக்குப் போகணுமா சார்?" என்று கேட்டாள் தையல்காரி. சத்தம் போடவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் மாதிரி கேட்டாள்.

"முதல்ல செஞ்சது தவறுதல்," என்றார் துருவி. "அப்படியே எழுதுறேன். பத்தரையிலிருந்து ரெண்டு மணி வரைக்கும் பேசாம நின்னது தவறுதல் இல்ல. அதையும் எழுதுவேன்."

இணை இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். தையல்காரியின் பெயர் பட்டியலில் ஏறியது.

"பார்த்தியா," என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "சம்பளம் வந்தா முதல்ல சமையல் கத்துக்கோ."

ஆனால் துருவி இன்னும் எழுந்திருக்கவில்லை.

"அன்னைக்கு வேற எந்த அறையில ரேகை எடுத்தீங்க?"

ஆபரேட்டர் தரையைப் பார்த்தார். "எட்டாம் அறையிலயும் எடுத்தேம்மா."

"அங்கயும் முதல் ஆளுக்கு வெச்சுக் காட்டினீங்களா?"

ஆமாம் என்று தலையாட்டினார். துருவி வெளியே வந்து கூடத்தைப் பார்த்தார்.

"எட்டாம் அறையில முதல் சீட்டுல எழுதினவங்க யாராவது இருக்கீங்களா?"

கடைசி வரிசையில் ஒருவர் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தார். காலையில் நடந்ததையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர். "நான் ஒண்ணும் பண்ணலை மேடம், சத்தியமா நான்தான் எழுதினேன்," என்றார்.

துருவி வாயைத் திறப்பதற்குள் தையல்காரி அவரிடம் போய்விட்டாள்.

"தெரியும் சார்," என்றாள். "வாங்க, நானும் கூட நிக்கிறேன்."