மாங்கொட்டை

வெங்கடப்பன் வீட்டுப் பசுவின் குரல் சரியில்லை. கொட்டகைக்குள் நுழையும்போதே டாக்டர் பிரவீனாவுக்கு அது உறைத்தது. அடித்தொண்டையிலிருந்து கரகரவென்று கிளம்பி, பாதியில் அறுந்து, மறுபடியும் கிளம்பியது. பொழுது சாய்ந்திருந்தது; வழக்கம்போல் கரண்ட் இல்லை. சாணமும் அழுகிய மாம்பழமும் கலந்த வாடை மூக்கைத் துளைக்க, தூரத்தில் கிருஷ்ணகிரி ரோட்டில் லாரிகள் உறுமிக்கொண்டு போயின.

“மாங்கொட்டை தொண்டையில மாட்டிக்கிச்சுங்க டாக்டரம்மா. கைய உட்டு எடுத்துடுங்க,” என்றாள் வெங்கடப்பனின் மனைவி வெள்ளையம்மா.

மாங்காய்க் காலத்தில் மாடு எச்சில் ஒழுக்கினால் சூளகிரிப் பக்கம் எல்லோரும் சொல்வது இதுதான்.

“அத நான் பாத்துக்கறேன். மாடு எப்படி நடந்துக்குது, அதச் சொல்லும்மா.”

“நல்லாத்தாங்க இருக்குது. கொட்டைய எடுத்தா சரியாப் போயிரும்.”

பிரவீனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாடு வாய் திறந்து சொல்லாது. அது நடந்துகொள்வதை வைத்துத்தான் நோயைப் பிடிக்க வேண்டும். அந்த ஒரு கேள்விக்கு எந்த வீட்டிலும் பதில் கிடையாது. ஊசி போடு, கையை விடு, கிளம்பு. கையுறை வண்டிப் பெட்டியில் கிடந்தது. அதற்கும் ஒரு நடையா என்ற எரிச்சலில் வெறும் கையை உள்ளே விட்டாள்.

கொழகொழவென்று எச்சில் முழங்கைவரை வழிந்தது. பல் கீறியது. கொட்டை இல்லை.

பசு தொட்டியில் வாயை வைத்தது. விழுங்க முடியவில்லை. தண்ணீர் அப்படியே வெளியே ஒழுகியது.

“நாய் கடிச்சுதா?” அவள் குரலே அவளுக்கு அந்நியமாக இருந்தது.

“முன்ன ஒரு நா ஒண்ணு வந்து கடிச்சுதுங்க. அவருதான் தொரத்தினாரு. அவர் கையிலயும் லேசா பட்டுச்சு, சுண்ணாம்பு வெச்சோம்.”

வெறிநோய். மனிதனுக்கு வந்தால் தண்ணீர்ச் சத்தம் கேட்டாலே தொண்டையை இழுக்கும் நோய்.

“அவரு ஊசி போட்டுக்கிட்டாரா? எங்க அவரு?”

“எதுக்குங்க ஊசி? உள்ள படுத்திருக்காரு. தொண்டவலி.”

முதலில் கீறலைக் கழுவ வேண்டும், சோப்புப் போட்டு, நிறைய நேரம். வாசல் குடத்திலிருந்து சொம்பில் மொண்டு கையில் ஊற்றினாள்.

கரகரவென்று அந்தக் குரல் கிளம்பியது. பாதியில் அறுந்தது.

“மாடுதாங்க,” என்றாள் வெள்ளையம்மா.

பிரவீனா கொட்டகையைத் திரும்பிப் பார்த்தாள். பசு வாய் திறந்து எச்சில் ஒழுக்கிக்கொண்டு நின்றது. சத்தமே இல்லை.

ஊற்றுவதை நிறுத்தினாள். குரல் நின்றது.

மறுபடி ஊற்றினாள். தண்ணீர் தரையில் விழுந்த சத்தத்துக்கு, இருண்ட வீட்டுக்குள் கட்டில் தடதடவென்று ஆடியது. அதே குரல்.

கீறலில் எச்சில் இன்னும் பிசுபிசுத்தது. குடம் நிறையத் தண்ணீர் இருந்தது.

அவள் மொண்டாள்.