எல்லாப் பெயருக்கும் ஒரே கை

மவுஸை அழுத்தினால் ஒரு சத்தம்தான் வரவேண்டும். அன்று சாயங்காலம் இரண்டு வந்தன.

முதல் சத்தம் அவள் விரலுக்கடியில். அதை ஒட்டினாற்போல இரண்டாவது, சுவருக்கு அந்தப் பக்கம், கணவன் படுத்திருந்த அறையிலிருந்து. கட்டில் கம்பியில் நகம் படுவது போல மெல்லிய ஒரு டக். வெளியே மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது, ஈரச் சுண்ணாம்பு வாடையும் காலையில் தேய்த்த தைலத்தின் வாடையும் வீடு முழுக்க நின்றிருந்தன. ஜன்னல் மறைப்புத் தகரத்தில் தண்ணீர் சொட்டுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி அழுத்தினாள். டக். கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தாள். மழை மட்டும்தான் கேட்டது.

அவளுடைய வேலை என்னவென்று ஊராருக்கு விளக்கி அலுத்துப்போயிருந்தாள். கம்ப்யூட்டர் திரையில் மவுஸோடு ஓடுமே அந்த அம்பு, கர்சர், அதை வரைவது. அம்பு மட்டுமில்லை. லிங்க் மேல் போனால் சுட்டுவிரல் நீட்டும் கை, நகர்த்தக்கூடிய பொருள்மேல் போனால் விரியும் உள்ளங்கை, பிடித்து இழுக்கும்போது மூடிக்கொள்ளும் கை, பொறுமையாக இரு என்று சுற்றும் வட்டம். ஐகான்களோடு சேர்த்து ஒரே அலங்காரமாக, ஒரு தீமாக, இது மக்களின் கம்ப்யூட்டர்களுக்குப் போகும். "இதுக்கெல்லாமா அண்ணி சம்பளம் குடுக்கறாங்க?" என்று நாத்தனார் வாய்விட்டே கேட்டிருக்கிறாள்.

வரைவதைவிடப் பெயர் வைப்பதுதான் பெரிய தலைவலி. ஒரே படத்தை ஒவ்வொரு புரோகிராமும் ஒவ்வொரு பெயர் சொல்லிக் கேட்கும். அதனால் படத்துக்கு மூலப்பெயர் ஒன்றை வைத்து, மற்ற பெயர்களையெல்லாம் அதோடு முடிச்சுப் போட்டுவிடுவார்கள். எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் வந்து நிற்பது அதே கைதான். கூடவே, பார்வை இல்லாதவர்களுக்குக் கம்ப்யூட்டர் வாசித்துக் காட்ட ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி வர்ணனை எழுத வேண்டும். மற்றவர்கள் 'கை, வகை இரண்டு' என்று எழுதித் தள்ளிவிடுவார்கள். அவளுக்கு அந்தச் சோம்பேறித்தனம் பிடிக்காது. 'சுட்டுவிரல் நீட்டிய ஆண் கை. உழைத்துக் காய்த்த விரல் நுனி' என்று எழுதியிருந்தாள்.

அது அவள் கணவனின் கை. வயரிங் வேலை செய்தவன். இருட்டில் தடவியே எந்த வயர் எங்கே போகிறதென்று சொல்லிவிடுவான். மூளையில் ரத்தக்குழாய் ஒன்று அடைத்துக்கொண்ட நாளிலிருந்து வலது பக்கம் படுத்துவிட்டது. காலில் கொஞ்சம் உயிர் திரும்பியது. கை திரும்பவே இல்லை. படத்துக்கு மாதிரி தேடி அலைந்த அன்று அந்தக் கையைத் தூக்கி ஸ்கேனர் கண்ணாடிமேல் வைத்து, அவளே விரல்களை நீட்டி, விரித்து, மடக்கி எடுத்தாள். கைக்கடியில் வெளிச்சம் ஊர்ந்து போனதைப் பார்த்துக்கொண்டே, "சும்மா கெடக்கற கை, உனக்காவது உழைக்கட்டும்" என்றான். இருவரும் சிரித்தார்கள்.

ஒரே கையின் மூன்று படங்களுக்கும் சேர்த்து அப்போதைக்கு ஒரு மூலப்பெயர் வேண்டியிருந்தது. 'தாடி' என்று போட்டாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவனை அப்படித்தான் கூப்பிடுவாள். ஆஸ்பத்திரியில் தாடியை மழித்த பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது. வேலை முடிந்ததும் மாற்றிவிடலாம் என்று வைத்த பெயர்தான். மறந்துபோய் எல்லா முடிச்சுகளையும் அதன்மேலேயே போட்டுவிட்டாள்.

டக்.

எழுந்து போய் அவன் அறைக்கதவைத் திறந்தாள். அவன் விழித்திருந்தான். வலது கை கட்டில் கம்பியின் மேல் கிடந்தது, சுட்டுவிரல் மட்டும் நேராக நீண்டிருந்தது. அவன் கண்கள் நிறைந்து காதோரம் வழிந்துகொண்டிருந்தன.

"பாத்தியா?" என்றான். "தானா தட்டுச்சு. நாலஞ்சு தடவ."

அவள் அந்தக் கையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். நாத்தனாருக்குப் போன் போட்டாள். "நான்தான் சொன்னேனே அண்ணி, எங்க அண்ணன் எமனையே ஏமாத்திடுவான்னு!" என்று நாத்தனார் கத்தியது அறை முழுக்கக் கேட்டது. சந்தோஷத்தில் இவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்தக் கை வழக்கத்தைவிடக் குளிர்ந்திருந்தது மட்டும் மனதில் ஓர் ஓரமாக இடித்தது.

நாற்காலிக்குத் திரும்பி, சாத்தாமல் விட்டிருந்த கதவு வழியாக அவனைப் பார்த்துக்கொண்டே மவுஸை அழுத்தினாள். விரல் தட்டியது. அழுத்தாமல் இருந்தாள். தட்டவில்லை. கர்சரை அம்பாக்கி அழுத்தினாள். ஒன்றுமில்லை. கைப் படமாக்கி அழுத்தினாள்.

டக்.

கர்சர்களைச் சோதித்துப் பார்க்கத் திரையில் வைத்திருந்த, நகர்த்தக்கூடிய சதுரத்தின் மேல் கர்சரைக் கொண்டுபோனாள். திரையில் உள்ளங்கை விரிந்தது. "விரியுது! இங்க பாரு, விரியுது!" என்று உள்ளேயிருந்து அவன் கூவினான்.

இதை அவனிடம் எப்படிச் சொல்வது? போய், தண்ணீர் டம்ளரை அவன் உள்ளங்கையில் வைத்துவிட்டு வந்தாள். மவுஸால் சதுரத்தைப் பிடித்தாள். விரல்கள் டம்ளரைச் சுற்றி மூடின. சதுரத்தை மெல்ல மேலே இழுத்தாள். கை எழுந்து, நடுங்காமல், ஒரு சொட்டுச் சிந்தாமல் அவன் உதட்டுக்குப் போனது. அவன் குடித்தான். நாள்பட்ட தாகம் போலக் குடித்தான்.

குடித்து முடித்ததும் அவன் சிரிக்கவில்லை.

"தூக்குது. ஆனா எனக்கு ஒண்ணும் தெரியல" என்றான். "தொட்டது தெரியல, கனம் தெரியல. யாரோ பக்கத்துல உக்காந்து குடிக்க வெக்கற மாதிரி இருக்கு."

"நரம்பு இப்பத்தான முழிச்சிருக்கு. போகப் போகச் சரியாயிடும், தாடி." சொல்லும்போது அவள் குரல் அவளுக்கே பொய்யாகக் கேட்டது.

போன் அடித்தது. குழுவின் தலைவன், அவளைவிட வயதில் சின்னவன்.

"அக்கா, எல்லாம் பிரமாதம். ஒண்ணே ஒண்ணு, மூலப்பேரு 'தாடி'ன்னு இருக்கே?"

"அது சும்மா வெச்சது தம்பி. மாத்திடறேன்."

"சீக்கிரம் மாத்திடுங்கக்கா. ராத்திரிச் சாப்பாட்டுக்குள்ள வெளிய விட்டுடணும்."

டம்ளர் இன்னும் அவன் கையில்தான் இருந்தது. போனைக் காதில் வைத்தபடியே அவள் 'தாடி'யை அழித்து 'கை' என்று எழுதினாள். உள்ளே டம்ளர் விழுந்து உருண்டது.

"போச்சு…" என்றான். பிறகு அந்தச் சொல்லையே திரும்பத் திரும்பச் சொன்னான், குரல் உடைந்து, பள்ளிக்கூடப் பையன் அழுவது போல. ஆஸ்பத்திரியில்கூட அவன் அப்படி அழுததில்லை.

அவள் 'கை'யை அழித்துவிட்டு மறுபடி 'தாடி' என்று எழுதினாள். அழுத்தினாள். டக். அழுகை நின்றது.

"தம்பி, அந்தப் பேரு இருக்கட்டும். இப்ப எடுத்தா எல்லா முடிச்சும் அறுந்துடும்."

"சரி, விடுங்க. உள்ள இருக்கற பேர யார் பாக்கப் போறாங்க? நம்ம தீம் போட்டிருக்கறவங்களுக்கெல்லாம் தானாவே போயிடும்."

எல்லாருக்கும். அந்த எண்ணம் வரத்தான் செய்தது. வந்ததை அவள் கண்டுகொள்ளாமல் இருந்துவிட்டாள். அவன் கை வேண்டும். அதற்கு மேல் யோசிக்க அவளுக்கு மனமில்லை. அனுப்பிவிட்டாள்.

பிறகு வீடு அமைதியாக இருந்தது. மழை விட்டிருந்தது. அடுப்பில் கஞ்சி கொதிக்கும் சத்தம், ஓட்டு விளிம்பிலிருந்து சொட்டும் சத்தம், தெருவில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போன ஏதோ ஒரு வண்டி. சாப்பிட்டதும் அவனை உட்கார வைத்து எழுதச் சொல்லிப் பார்க்கலாம் என்று நினைத்தாள். கையெழுத்து எப்படி வரும், அவனுடையது போலவா, தன்னுடையது போலவா என்று யோசித்து, அந்த யோசனையே பிடிக்காமல் கஞ்சியைக் கிண்டினாள்.

டக்.

கரண்டி நின்றது. மவுஸ் அந்த அறையில். அவள் அடுப்படியில்.

டக். கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. டக் டக்.

"நீயா தட்டற?" என்று கேட்டாள்.

"நான் இல்ல. நான் இதுவரைக்கும் எதுவுமே செய்யல" என்றான்.

ஓடிப்போய் மவுஸின் வயரைப் பிடுங்கினாள். டக் டக். கம்ப்யூட்டரை அணைத்தாள். டக் டக் டக். இப்போது அது ஒருவரின் தட்டலாக இல்லை. ஒன்று அவசரமாக, ஒன்று சோம்பலாக, ஒன்று கோபமாக. எந்தெந்த ஊரிலோ, எந்தெந்த மேசையிலோ, சாப்பிட்டுக்கொண்டே, கொட்டாவி விட்டுக்கொண்டே, ஒவ்வொருவராக.

மறுபடி கம்ப்யூட்டரைப் போட்டு 'தாடி'யை அழித்தாள். தட்டல் நிற்கவில்லை. தலைவனுக்குப் போன் போட்டாள்.

"திரும்ப வாங்கு தம்பி. உடனே. கெஞ்சிக் கேக்கறேன்."

"என்னக்கா ஆச்சு? போனது போனதுதான். வேணும்னா அடுத்த மாசம் புதுசு விடலாம். ஆனா ஒண்ணு சொல்லணும், எல்லாரும் அந்தக் கையத்தான் புகழறாங்க. உயிர் இருக்கற மாதிரி இருக்காம்."

போனை வைத்தபோது உள்ளே கட்டில் நகரும் சத்தம் கேட்டது.

கை கம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. விட்டது. விரிந்தது. நீண்டது. போர்வையைப் பிடித்தது. இழுத்தது. விட்டது. எலும்பு மூட்டு ஒவ்வொரு முறையும் சொடுக்கியது. அவன் இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தான், அந்தக் கை அதையும் சேர்த்துத் தூக்கி அங்குமிங்கும் வீசியது.

"வலிக்கல" என்றான். அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது. "வலிக்கவே இல்ல. அதான் பயமா இருக்கு."

கை மேலே போனது. கீழே. சட்டென்று ஓரத்துக்கு. கட்டிலிலிருந்து அவன் தரையில் விழுந்தான். கை முன்னால் போனது, அவன் பின்னால் இழுபட்டான். சுவரைத் தட்டியது. தரையைத் தட்டியது. கதவைத் தட்டியது. எதன்மேல் பட்டாலும் அழுத்திப் பார்த்தது. நகம் உடைந்து ரத்தம் வந்தது. நிற்கவில்லை.

அவள் பாய்ந்து இரண்டு கைகளாலும் பிடித்தாள். அவளையும் இழுத்தது. வழுக்கி விழுந்தாள். அவன் உடம்பின் பாரம் முழுக்க அவள்மேல் வந்து விழுந்தது. மூச்சு முட்டியது. தைல வாடை. ரத்த வாடை. அவன் இதயம் அவள் விலாவில் இடித்தது.

"விடு அவள!" என்று அவன் தன் கையைப் பார்த்துக் கத்தினான். "விடுடா!"

கை அவள் பிடியிலிருந்து உருவிக்கொண்டது. சுட்டுவிரல் நீண்டது. தோளைத் தொட்டது. தட்டியது. கழுத்து. தட்டியது. தாடை. கன்னம். காய்த்துப்போன நுனி, பனிக்கட்டி மாதிரி.

"கண்ண மூடிக்கோ" என்றான் அவன் அழுதுகொண்டே. "மூடிக்கோ, மூடிக்கோ."

மூடிக்கொண்டாள்.

விரல் இடது இமைக்கு வந்து நின்றது. அவ்வளவு நேரமும் பேயாய் அலைந்தது, அங்கே அசையாமல் நின்றது. எங்கோ ஒருவர் தேடியது கிடைத்துவிட்டது போல. ஒரு தட்டு என்றால் இதுதான் வேண்டும் என்று அர்த்தம். திறக்க வேண்டும் என்றால் இரண்டு தட்டு. கம்ப்யூட்டரைத் தொட்ட எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

இமையின் மேல் அது தட்டியது.

உடனே இன்னொரு தட்டு.

பிறகு உடைந்த நகம், மெதுவாக, இமையின் ஓரத்தைத் தேடத் தொடங்கியது.