முதல் சீட்டு

"ஆடிட்டர் சார், எங்க சீட்டு ஒண்ணு காணாமப் போச்சு. எடுத்தது என் தம்பிதான். அவன் வாயாலயே ஒத்துக்க வைங்க!"

ஹேக்கத்தான் என்ற மென்பொருள் போட்டி நடக்கும் அரங்கைப் பூட்டியாகிவிட்டது. முடிவு அறிவிக்கும்வரை யாரும் வெளியே போகக் கூடாது என்பது விதி. பெயருக்குக்கூட ஒரு ஜன்னல் இல்லை. அக்காவுக்கு மூச்சு முட்டியது. கணவரையும் தம்பியையும் சேர்த்துக்கொண்டு அவள் கட்டியிருந்தது, கள்ள டிக்கெட்டை ஒழிக்கும் பிளாக்செயின் செயலி. அதில் பதிந்ததை யாராலும் அழிக்க முடியாது. டிக்கெட்டுக்கு ஆசையாக வைத்த பெயர் 'சீட்டு'. அவள் கண்ணசந்த நேரத்தில், அவளுடைய ரகசிய டிஜிட்டல் சாவியாலேயே முதல் சீட்டு எங்கோ போயிருந்தது. நடுவர்கள் மோசடி என்று போட்டியிலிருந்தே விரட்டிவிடுவார்கள். தனியாகத் தொழில் தொடங்கப் போவதாகத் தம்பி சொல்லிக்கொண்டிருந்தானே! எல்லார் முன்னாலும் அவனைத் திருடன் என்று சொல்லிவிட்டாள்.

"அவன் லேப்டாப்பைப் பிடுங்கிடவா சார்?" என்று குதித்தாள் போட்டி ஒருங்கிணைப்பாளர். சும்மாவா அவளுக்குப் 'பட்டாசு' என்று பெயர் வைத்தார்கள்!

"பொறும்மா," என்றார் போட்டியின் ஆலோசகரான ஆடிட்டர். "சீட்டு எங்க போச்சுன்னு காட்டுங்க."

அக்கா பெரிய திரையில் காட்டினாள். முன்வரிசை நாற்காலியின் நிழல் குறுக்கே விழுந்து திரையில் பாதியை மறைத்தது. மீதியில், சீட்டு போய்ச் சேர்ந்த முகவரி, ஒரே பூஜ்யமாக.

"இந்த முகவரிக்குச் சாவி யார்கிட்ட இருக்கு?"

"யார்கிட்டயும் இல்ல சார். ரத்தாகிற சீட்டை இங்க தள்ளிடுவோம்."

"திருடறவன், தானே எடுக்க முடியாத இடத்துலயா கொண்டுபோய் வைப்பான்? இது திருட்டே இல்லம்மா. யாரோ சொன்ன வேலையை யாரோ செஞ்சிருக்காங்க." ஆடிட்டர் திரும்பினார். "ஆமா, இவ்வளவு மறைக்குதே, அந்த நாற்காலியை ஏன் எடுக்கல?"

"எடுக்கச் சொன்னேனே சார். தூக்கம் சொக்கறப்ப இவர்கிட்ட..."

"என்ன வார்த்தை சொன்னீங்க?"

"'அந்த முதல் சீட்டைத் தூக்கிடுங்க'ன்னு..." அக்கா அந்த நாற்காலியைப் பார்த்தாள்.

எல்லோரும் கணவரைப் பார்த்தார்கள்.

"உன் லேப்டாப் திறந்தே இருந்துச்சு, டிக்கெட்டைத்தான் சொல்றேன்னு தூக்கிட்டேன். நீ தம்பியைப் பிடிச்சுத் திட்டறப்பதான் எனக்கே உறைச்சுது. வாயைத் திறக்கப் பயமா இருந்துச்சும்மா."

"அப்போ மோசடியே இல்ல!" பட்டாசு நடுவர்களிடம் ஓடினாள். அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். பரிசு வேறொரு குழுவுக்குப் போனது. அக்கா அதைக் காதிலேயே வாங்கவில்லை. கணவர் மேல் கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. தம்பியைப் பார்க்கத்தான் வெட்கமாக இருந்தது.

கதவைத் திறந்தார்கள். அக்கா தம்பியின் கையைப் பிடித்தாள்.

"வாடா, வீட்டுக்குப் போலாம்."

அவன் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டு வழிவிட்டு நின்றான்.

"நீங்க போங்க, மேடம்."