குப்புறக் கிடந்த பலகைகள்

அந்தப் பழைய வீட்டை அவர்கள் பிடித்ததே அது தரைத்தளத்தில் இருந்ததால்தான். விபத்தில் மகளுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. பதினோரு வயது. மருத்துவமனையில் செயற்கைக் கால் மாட்டி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள். அப்பா அவளோடு அங்கேயே தங்கிவிட்டார்; குளிக்க மட்டும் வீட்டுக்கு வந்துபோவார். மூன்று வாரத்தில் வீட்டுக்கு அனுப்புவார்கள்.

அந்த வீட்டின் முன்னறையில் பழைய மரத்தரை. ஜன்னலோரம் உளுத்துப்போயிருந்தது.

"தரை சமமா இருக்கணும், ஈரத்துல சறுக்கக் கூடாது. அவளுக்கு அது போதும்" என்று நடைப்பயிற்சி கொடுக்கும் பெண் சொல்லியிருந்தாள். அந்தப் பொறுப்பு அம்மா தலையில் விழுந்தது.

அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. 'இது தெளிவா, அது தெளிவா?' என்று நாள் முழுக்க அடுத்தவர்களைத் தேர்ந்தெடுக்க வைப்பவள், மரக்கடையில் திருதிருவென்று விழித்தாள். தேக்கு, ஓக், மேப்பிள். ஒவ்வொன்றிலும் வெளிர், அடர், பளபளப்பு, மங்கல்.

"அவசரப்படாதீங்க மேடம். மாதிரிப் பலகை தர்றேன். வீட்டுல பரப்பி வெச்சு ரெண்டு நாள் பாருங்க" என்றார் கடைக்காரர்.

ஐந்து பலகைகளை முன்னறையில் வரிசையாக வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். மதியம் சாப்பிட வந்தபோது நான்கு குப்புறக் கிடந்தன. கறுப்பாக, சொரசொரவென்று இருந்த ஐந்தாவது மட்டும் முகம் காட்டிக் கிடந்தது.

கணவனுக்குப் போன் போட்டாள். "குளிக்க வந்தவரு பலகையை எதுக்குத் திருப்பிப் போட்டீங்க?"

"நான் இன்னைக்கு வரவே இல்லையே. டாக்டர் வருவாருன்னு இங்கதான் உட்கார்ந்திருக்கேன்."

"அப்போ அதுவா புரண்டு படுத்துச்சா?"

"என்மேல ஏன் எரிஞ்சு விழற? பிடிச்சதை எடு, வேலையை முடிப்போம்."

அவளுக்குப் பிடித்தது வெளிர் ஓக். அந்தக் கறுப்பு மரம் அறையைக் குகையாக்கிவிடும். பலகைகளை நிமிர்த்தி வைத்தாள். மறுநாள் மறுபடி நான்கு குப்புற. மூன்றாம் நாள் ஜன்னல்களைத் தாழிட்டு, கதவை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனாள்.

நான்கு குப்புற.

அறையில் மழையில் ஊறிய மரத்தின் வாடை. வெளியே வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

அளவெடுக்க வந்த தச்சர், ஈரம் பார்க்கும் கருவியை ஜன்னலிலிருந்து கதவு வரைக்கும் தரையில் வைத்து வைத்து எடுத்தார். திரும்பிப்போய் மறுபடி பார்த்தார்.

"அடியில தண்ணிக் குழாய் எதுவும் போகுதா மேடம்?"

"இல்லையே."

"ஒரு எட்டு வைக்கிற தூரத்துக்கு ஒரு இடம் ஈரம் காட்டுது. நடுவுல எல்லாம் காய்ஞ்சு கிடக்கு. யாரோ நனைஞ்ச காலோட நடந்து போன மாதிரி." சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

அவள் ஓக்கையே வரவழைத்தாள். வீட்டுக் காற்றுக்குப் பழகட்டும் என்று கட்டுகளை முன்னறையில் அடுக்கினார்கள். நான்காம் நாள் அத்தனை பலகையும் வில்லாக வளைந்திருந்தது. கடைக்காரர் வீட்டைக் குறை சொன்னார். தச்சர் கடையைக் குறை சொன்னார். கணவன், "ஒரு தரை விஷயம், இதைக்கூட உன்னால முடிக்க முடியலையா?" என்றான். ஓக்குக்குப் பதிலாக மேப்பிள் வந்தது. அது மூன்றே நாளில் நெடுக வெடித்தது.

மகள் வர எட்டு நாள்தான் இருந்தது.

அன்று அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு வந்தாள். மாதிரிப் பலகைகளைப் பரப்பினாள். ஒரு சொம்புத் தண்ணீரை அவற்றின் மேல் ஊற்றிவிட்டு, செருப்பைக் கழற்றினாள். ஓக்கில் கால் வழுக்கியது. மேப்பிளிலும் வழுக்கியது. இரண்டு தேக்கும் அப்படியே. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உனக்கு என்னதான் வேணும்?" என்று காலி அறையைப் பார்த்துக் கேட்டாள். "என் பிள்ளை விழாம நடக்கணும். அவ்வளவுதான் நான் கேக்கிறேன்."

ஜன்னலோரம் தரை முனகியது.

ஒரு எட்டு.

இன்னொரு எட்டு.

வெயில் விழுந்த தரையில் நிழல் எதுவும் நகரவில்லை. அவளுக்கு அருகில் பழைய பலகை மெல்லத் தாழ்ந்தது, யாரோ வந்து நிற்பதுபோல. ஈர மரத்தின் வாடை மூக்கை அடைத்தது.

அவள் ஓடவில்லை. மிச்சமிருந்த கறுப்புப் பலகையில் பாதத்தை வைத்தாள். வழுக்கவில்லை. முழுப் பாரத்தையும் போட்டுத் தேய்த்துப் பார்த்தாள். பசை போட்டதுபோல் பிடித்தது.

"இதுவா?" என்று கிசுகிசுத்தாள்.

தாழ்ந்திருந்த தரை மெல்ல எழும்பியது.

கறுப்பு மரம் வந்து சேர்ந்தது. கட்டுப் பிரிக்காமல் கிடந்த நாட்களில் ஒரு பலகைகூட இம்மியும் வளையவில்லை. தச்சர் பழைய தரையைப் பெயர்த்தார். பாதி வேலையில் அவளைக் கூப்பிட்டார்.

"இதைப் பாருங்க மேடம்."

ஒரு பலகையைத் திருப்பிக் காட்டினார். மண்ணைப் பார்த்துக் கிடந்த அடிப்பக்கம் அது. அதில் பாத அளவுக்கு ஒரு பள்ளம், வழவழவென்று தேய்ந்து, குதிகாலும் விரல்களும் தெரிய. அடுத்த பலகையிலும். அதற்கடுத்ததிலும்.

"மேல நடந்தா மேலதானே தேயணும்?" என்றார் தச்சர். பலகைகளை அவரே ஏற்றிக்கொண்டுபோய் எரித்துவிட்டதாக மறுநாள் சொன்னார்.

புதுத்தரை சமமாக அமைந்தது. ஈரக் கருவி எங்கு வைத்தாலும் காய்ந்தது என்றே காட்டியது. வாடையும் போய்விட்டது. தொலைந்தது சனியன் என்று அவள் முதல்முறையாக நிம்மதியாகத் தூங்கினாள்.

மகள் காலை பத்து மணிக்கு வந்தாள். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, "நான் நடந்து காட்டட்டுமா?" என்றாள். அப்பா கதவோரம் நின்றார்.

ஒரு எட்டு. இரண்டு. மூன்று. விழவில்லை. ஜன்னல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். அம்மாவுக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. துடைத்துக்கொண்டு பார்த்தபோதுதான் கவனித்தாள். மகளின் இடது கை பக்கவாட்டில் சற்றே உயர்ந்து, விரல்கள் மடங்கி இருந்தன.

"கையை ஏன்டா அப்படித் தூக்கி வெச்சிருக்கே? பயப்படாம கீழ விட்டுட்டு நட."

மகள் தன் கையைப் பார்த்தாள். பிறகு அந்தப் பக்கம் தலையை நிமிர்த்தி, தன்னைவிட உயரமான யாரையோ பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"நான் எப்பவோ விட்டுட்டேன்மா" என்றாள். "இவங்கதான் விட மாட்டேங்கிறாங்க."