புதுக் கார்டு, கறுப்புத் திரை

“கேபிளைப் பிடுங்குங்க! சீக்கிரம்!”

அம்மாவின் குரல் பதறியது. மேசைக்கும் சுவருக்கும் நடுவே நசுங்கிக் கிடந்த அப்பா, கணினியின் முதுகிலிருந்து திரைக்குப் போகும் கேபிளை உருவினார். திறந்து கிடந்த பெட்டிக்குள் கைவிட்டு, புதிய கிராஃபிக்ஸ் கார்டை அம்மா கழற்றினார். ஊதினார். மறுபடி வைத்து அழுத்தினார்.

‘க்ளிக்!’

“கேபிள்?”

“மாட்டியாச்சு!”

“பார்த்து மாட்டினீங்களா?”

“பஸ் நிறைய ஆளை வெச்சுக்கிட்டு, குனிஞ்சு பார்க்காமலே கியர் போடுறவன் நான். என்கிட்டயா கேட்கறே?”

டார்ச் பிடித்திருந்த மகள் வாண்டு சுவிட்சைத் தட்டினாள். விசிறிகள் சுழன்றன. விளக்குகள் மின்னின.

திரை மட்டும் கறுப்பு. நடுவில் இரண்டே சொற்கள்: ‘சிக்னல் இல்லை’.

மாலை ஐந்து மணிக்குள் ஒரு நூலகக் கட்டடத்தின் வரைபடத்தை அம்மா அனுப்பியாக வேண்டும். ஆபீஸை விட்டுவிட்டுத் தனியாகப் பிடித்த முதல் வேலை அது. கணினியோ அந்தப் படத்தைத் திறந்தாலே உறைந்துபோனது. அதற்காகத்தான், படங்களை வேகமாகத் திரைக்கு அனுப்பும் இந்தப் புதுக் கார்டு.

“கார்டே இல்லாம ஒரு தடவை பார்ப்போம்” என்றார் அம்மா.

கார்டு வெளியே வந்தது. அப்பா கேபிளை மாட்டினார். திரையில் பளிச்சென்று படம்! வரைபடத்தைத் திறந்ததும் பழையபடி உறைந்தது.

கார்டு உள்ளே போனது. அப்பா கேபிளை மாட்டினார். திரை கறுப்பு.

அம்மா திருப்புளியைக் கீழே வைத்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“முடிஞ்சுது. கார்டு செத்துப்போச்சு. நாளைக்குப் பழைய ஆபீஸ் வாசல்ல போய் நிக்க வேண்டியதுதான்.”

“அப்படிச் சொல்லாதே” என்று அப்பா வெளியே ஊர்ந்து வந்தார். தலைமுடி, மீசை எங்கும் ஒட்டடை. வேறு நாளாக இருந்தால் மூவரும் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார்கள். இன்று யாரும் சிரிக்கவில்லை.

அம்மா இப்படி முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்து வாண்டு பார்த்ததே இல்லை. அழுது என்ன ஆகப்போகிறது? யோசி, யோசி.

கார்டு இல்லாவிட்டால் படம். இருந்தால் இருட்டு. இரண்டு தடவையும் டார்ச் வெளிச்சத்தில் தான் பார்த்தது என்ன?

சட்டென்று நிமிர்ந்தாள்.

“அப்பா, அம்மாவுக்கு ஒரு டீ போட்டுட்டு வாங்களேன்.”

“இப்பவா?”

“இப்பவே. இஞ்சி தட்டிப் போட்டு. மெதுவா.”

அப்பா சமையலறைக்குப் போனதும் சுவிட்சை அணைத்துவிட்டு, மேசைக்குப் பின்னால் புகுந்தாள்.

“அங்கே என்னடி பண்றே? விடு, போதும்.”

“ஆச்சும்மா. சுவிட்சைப் போடு.”

“வேணாம். இன்னொரு தடவை அந்த இருட்டைப் பார்க்க எனக்குத் தெம்பில்ல.”

“எனக்காக. ஒரே தடவை.”

அம்மா தலையைத் திருப்பிக்கொண்டு சுவிட்சைத் தட்டினார்.

முகத்தில் நீல வெளிச்சம் விழுந்தது!

வரைபடம் திறந்தது. உறையவில்லை. கதவு, ஜன்னல், படிக்கட்டு எல்லாம் எண்ணெய் போட்ட மாதிரி சுழன்றன.

“டீ வாசனைக்கே எழுந்திருச்சு பார்த்தியா!” என்று டம்ளரோடு வந்தார் அப்பா.

“என்னடி பண்ணே?” அம்மா மகள் பக்கம் திரும்பினார்.

“அப்புறம் சொல்றேன். முதல்ல வேலையைப் பாரும்மா.”

ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் வரைபடம் போய்ச் சேர்ந்தது. அம்மா நாற்காலியில் சாய்ந்து மகளை இழுத்து அணைத்துக்கொண்டார்.

“இப்பவாவது சொல்லு.”

வாண்டு திரும்பிப் பார்த்தாள். அப்பா மீசையில் ஒட்டடையோடு, ஏதோ சாதித்த பெருமையில் நின்றிருந்தார். அவள் அம்மாவின் காதோரம் குனிந்தாள்.

“புதுக் கார்டுலயும் கேபிள் மாட்ட ஒரு ஓட்டை இருக்கும்மா. கார்டு உள்ளே இருந்தா படம் அது வழியாத்தான் வரும். அது காலியாவே இருந்துச்சு. அப்பா தடவித் தடவிப் பழைய ஓட்டையிலயே மாட்டியிருக்கார்.”

“எந்தத் தடவை?”

“எல்லாத் தடவையும்!”